அக்காவின் எடைக்கு மணல்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் ரெக்கைக்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்தெட்டு வருடம் போர் விமானம் ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்து மூன்று மாதம் சும்மா இருந்தார். நான்காவது மாதம், வீட்டிலேயே ஒரு விமானம் கட்டப் போகிறேன் என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

காரணம் அக்காதான். அத்தனை வருடத்தில் அவர் ஓட்டிய எந்த விமானத்திலும் அவள் ஏறியதில்லை. படை விமானத்தில் மனைவிக்கு ஏது இடம்? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதனால் இவர் கட்டியதில் இரண்டே இருக்கைகள், பக்கத்துப் பக்கத்தில். இடது அவருக்கு, வலது அவளுக்கு.

ஆறு வருடம் பிடித்தது. கார் நிற்க வேண்டிய கொட்டகையில் உடல் பகுதி, கூடத்தில் இறக்கை. சோபா வாசலுக்குப் போனது. விருந்தாளி வந்தால் இறக்கைக்கு அடியில் குனிந்து போய்த்தான் சமையலறையைப் பிடிக்க வேண்டும். நெற்றியில் இடித்துக்கொண்டு நான் திட்டாத நாள் இல்லை. அக்கா மட்டும் மர நிழலில் உட்கார்ந்த மாதிரி அதன் கீழே காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவாள்.

நான் தையல்காரன். இறக்கைக்குத் துணி போர்த்தும் கட்டம் வந்தபோது உறை தைத்துக் கொடுத்தது நான்தான். ஒரு தையல் கோணியதற்காக முழுவதையும் பிரிக்கச் சொன்னார். மனுஷனுக்கு விதி என்றால் விதி. கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்பது அவர் உடம்பிலேயே கிடையாது.

அப்படி ஒரு விதிதான் எங்கள் தலையில் விடிந்தது. புதிதாகக் கட்டிய விமானத்தில் முதல் நாற்பது மணி நேரம் ஓட்டுபவர் தனியாகத்தான் பறக்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் இன்னொருவரை ஏற்றலாம். ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுபாதை. சனி, ஞாயிறில்தான் அவருக்கு விடுவார்கள். வலது இருக்கையில் ஆள் இருந்தால் எப்படிப் பறக்கும் என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு மணல் மூட்டை. ஏதோ ஒரு எடைக்கு வைத்தால் போதாதா? அவருக்குப் போதாது. மாதம் பிறந்தால் அக்காவை எடை மெஷினில் நிற்க வைத்து, அதே எடைக்கு மணல் போட்டு, பெல்ட் மாட்டிக் கட்டுவார். அந்த மூட்டையும் நான் தைத்ததுதான். கித்தான் துணி, இரட்டைத் தையல்.

முதல் மாதம் ஐம்பத்தெட்டு கிலோ. இரண்டாம் மாதம் ஐம்பத்தாறு. அப்புறம் ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு தடவையும் டப்பாவால் மணலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு நோட்டில் குறித்தார். நல்லதுதான், குறைந்த எடைக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றலாம் என்று அவர் சொன்னதை அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னாள். சொல்லும்போது தட்டில் பாதிச் சாப்பாட்டை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

இருபத்தாறு மணி நேரம் பறந்து முடித்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். அதுவும் அவள் மயங்கி விழுந்ததால். வயிற்றில் கட்டி. இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். மிஞ்சிப் போனால் மூன்று மாதம் என்றாராம்.

நான் அத்தான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். விதியாவது ஒன்றாவது, நாளைக்கே அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி இறக்குங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"சரியா பார்க்காம ஏத்தின விமானத்துல போனவங்களை என் கையால பொறுக்கி எடுத்திருக்கேன்டா. இவளை அப்படி ஏத்த மாட்டேன்."

அக்காவும் அவர் பக்கம்தான். "முப்பது வருஷமா கீழ நின்னு பார்த்தாச்சு. இன்னும் பதினாலு மணி நேரம்தானே" என்றாள்.

ஓடுபாதைக்காரரிடம் கேட்டு வார நாட்களிலும் பறந்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பதினெட்டு நாள் விடாத மழை. கணக்கு முப்பத்தேழு மணி நேரத்தில் நின்றது. அந்த மழையிலேயே அக்கா போய்விட்டாள்.

சாவு வீடு என்றும் பார்க்காமல் நான் கத்தினேன். "மாசா மாசம் எடை குறையுதுன்னு உங்க கையாலயே எழுதினீங்களே, ஏன்னு ஒரு தடவை கேட்டீங்களா?" அவர் உள்ளே போனார். நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தார். நான் அதைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா தன் முதல் சவாரிக்கென்று கேட்டிருந்த சட்டை, என் கடையில் வெட்டியபடியே கிடந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, அவள் பெயர் இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று அளவு நோட்டைத் திறந்தேன். மார்பு முப்பத்தெட்டு. அதை அடித்து, முப்பத்தாறு. அதையும் அடித்து, முப்பத்து நாலு. எல்லாம் என் கையெழுத்து. தொளதொளத்துப் போன அவளுடைய பழைய சட்டைகளை நானே பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கடைசித் தடவை, காலேஜ் பொண்ணு மாதிரி ஆயிட்டேக்கா என்று கேலி வேறு செய்தேன். கடையைத் திறந்து போட்டபடி, தெருவே பார்க்க அழுதேன். அவரை நான் கேட்ட கேள்வியை என்னை யாரும் கேட்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அளவு நோட்டை எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்குப் போனேன். அவர் அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நாற்பது முடிந்துவிட்டது என்றார். வலது இருக்கையில் மூட்டை, பெல்ட் மாட்டியபடி. நாற்பத்தொரு கிலோ. அவளைக் கடைசியாக நிறுத்த எடை.

நோட்டை விரித்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேருமாக மூட்டையை இறக்கிக் கீழே வைத்தோம்.

பழக்க தோஷத்தில் கேட்டார், "உன் எடை எவ்வளவு?"

"எழுபத்திரண்டு" என்றேன். "குறைஞ்சா எழுதி வச்சிட்டு விட்டுடாதீங்க அத்தான். ஏன்னு கேளுங்க."

"நீயும் எனக்கு அளவெடுத்தா கேளு" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். பெல்ட் என் வயிற்றுக்கு எட்டவில்லை. அக்காவின் அளவுக்கு இறுக்கியிருந்தது. அவரே குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தளர்த்தினார்.