மடுல்சீமையை மட்டமாக்கினேன்

இன்னைக்கு பதுளை ஆபீஸ்ல ஒரு கூத்து.

மடுல்சீமை மலைத் தோட்டத்துல தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிளானைக் கம்ப்யூட்டர்ல திறந்தேன். மேலயிருந்து பார்த்தா சுவரெல்லாம் சேர்ந்துதான் தெரியுது, ஆனா அறையோட பரப்பளவு வரமாட்டேங்குது. நாளைக்குக் காணி உறுதிப் பத்திரத்துக்குக் குடுக்க வேண்டிய பிளான்!

படத்தைச் சாய்ச்சுப் பார்த்தேன். முன் சுவர் தரையில, பின் சுவர் ஆகாயத்துல. கோடுகள் ஒட்டவே இல்ல, அப்புறம் பரப்பளவு எப்படி வரும்?

இதைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"எழுபதுகள்ல கையால வரைஞ்ச பிளான்ல பின்பக்க மேட்டுக்கு உயரம் எழுதியிருந்துச்சுங்க. அதையே பின் சுவருக்கும் போட்டேன். நம்ம மலையில சைபர் உயரத்துல யாருங்க இருக்கா?"

பேச்சு நியாயம்தான். ஆனா தரைப் பிளானுக்கு மலை எதுக்கு? எல்லாக் கோட்டுக்கும் உயரத்தைச் சைபராக்கினேன். பரப்பளவு உடனே வந்துருச்சு.

அஞ்சே நிமிசத்துல மடுல்சீமை மட்டம். இன்னைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுல போனவங்க, குலுக்கல் குறைஞ்சிருக்கான்னு சொல்லுங்க.