உதறிவிட்டுத்தான் போடுவேன்

என் அண்ணியைத் திமிர் பிடித்தவர் என்று சொல்பவர்களிடம் நான் மறுத்துப் பேசியதே இல்லை. ஆமாம், திமிர்தான். அந்தத் திமிர் இல்லாவிட்டால் என் அண்ணன் இன்று உயிரோடு இருந்திருப்பாரா என்று மட்டும் கேட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

பாலைவனத்தின் நடுவே, கண்ணுக்கெட்டிய வரை சோலார் பலகைகள். வெயில் ஏறுவதற்குள் அவற்றில் படிந்த மணலைக் கழுவித் துடைப்பதுதான் எங்கள் முப்பது பேரின் வேலை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை கையுறை. இரண்டையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. தகரக் கொட்டகையின் மணல் தரையில் வரிசையாக வைத்துவிட்டுப் போக வேண்டும். வரிசை கோணினால் சூப்பர்வைசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த இருட்டுப் பொந்துகளுக்குள் ராத்திரியெல்லாம் என்னென்ன நுழைகின்றன என்ற கவலை மட்டும் அவனுக்குக் கிடையாது. அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

காலையில் சங்கு ஊதிய பிறகுதான் கொட்டகையைத் திறப்பார்கள். மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ‘தாமதம்’. ஒரே மாதத்தில் மூன்று தாமதம் என்றால் வேலை போய்விடும்.

போன வருடம் அண்ணனும் அண்ணியோடும் என்னோடும் இங்கேதான் வேலை பார்த்தார். அந்த மூன்று நிமிட அவசரத்தில் கையுறைக்குள் கையை விட்டார். உள்ளே மஞ்சள் தேள். ஒருவர் கயிறு கொண்டுவந்து மணிக்கட்டை இறுக்கிக் கட்டினார். இன்னொருவர் கீறிவிட பிளேடு தேடினார். அண்ணி ஓடிவந்து முதலில் கயிற்றை அவிழ்த்தார்.

“கட்டுறது, கீறுறது ஒண்ணும் வேணாம். தள்ளுங்க.”

சோப்புப் போட்டுக் கழுவினார். ஈரத்துணியைச் சுற்றினார். அண்ணனை ஆடாமல் அசையாமல் உட்காரவைத்தார். வண்டி இல்லை என்று சூப்பர்வைசர் கையை விரித்தான். அண்ணி நேரே போய்த் தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“ஒண்ணு இவர வண்டியில ஏத்துங்க. இல்லன்னா வண்டிய என் மேல ஏத்துங்க.”

டிரைவர் அண்ணனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார்.

மூன்று நாள் கழித்துத் திரும்பினால் அண்ணனுக்கு வேலை இல்லை. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதி, மயக்கம் தெளியாதவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். கொட்டிய இடம் ஆறிவிட்டது. அந்த வார்த்தை ஆறவில்லை. “நான்தான் பாக்காம விட்டுட்டேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதன் பிறகு அண்ணி யாருக்காகவும் அவசரப்படவில்லை. வீட்டில் கட்டில் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளியே இருக்கும், போர்வை தரையில் புரளாது. வேலையில் பலகைக்கு அடியில் கை வைக்குமுன் குச்சியால் தட்டுவார். சிலந்தி வலையை நீளப் பிரஷால்தான் எடுப்பார். சிலந்தியை நான் நசுக்கப் போனால் எனக்குத்தான் திட்டு விழும்.

“அது பாட்டுக்கு அது வீட்ல இருக்கு. கதவத் தட்டிட்டுப் போக வேண்டியது நாமதான்.”

பூட்ஸைக் கவிழ்த்து, குதிகாலைத் தட்டி, கையுறையைக் கம்பத்தில் நாலு அடி அடித்துவிட்டுப் போட ஐந்து நிமிடமாவது ஆகும். இத்தனை நாள் அதைக் கண்டுகொள்ளாத சூப்பர்வைசர் அந்த மாதம்தான் குறிக்க ஆரம்பித்தான். அடுத்தடுத்து இரண்டு நாளில் அண்ணிக்கு இரண்டு தாமதம் விழுந்துவிட்டது. மூன்றாவது நாள் சங்கு ஊதியதும் நான் கெஞ்சினேன்.

“அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க. உங்க வேலையும் போச்சுன்னா வீடு என்னத்துக்கு ஆகும்?”

“நீ போட்டுக்க. நான் உதறிட்டுத்தான் போடுவேன்.”

நான் உதறாமல் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். வெட்கக்கேடுதான், மறைப்பானேன்.

அண்ணி நிதானமாக வந்தார். சூப்பர்வைசர் பதிவேட்டை நீட்டினான்.

“மூணாவது தாமதம். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு.”

“போடுறேன். காரணத்தையும் எழுதுங்க. பூட்ஸ உதறுனதால தாமதம்னு எழுதுங்க.”

“அதெல்லாம் எழுத முடியாது.”

“அப்போ குடுங்க, நானே எழுதுறேன்.”

பிடுங்காத குறையாகப் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு நேரே எழுதினார்: ‘பூட்ஸை உதறியதால் தாமதம்.’

என் பூட்ஸுக்குள் கால்விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. அண்ணன் முகம் நினைவுக்கு வர, அங்கேயே குனிந்து இரண்டையும் கழற்றினேன். கவிழ்த்துத் தட்டினேன். அண்ணியிடம் பேனாவை வாங்கி நானும் அதையே எழுதினேன். எனக்குப் பின்னால் இருந்தவள் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் முப்பது பேரும் பூட்ஸைத் தட்டுகிற சத்தம்தான். தட்டி முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயருக்கு நேரே அதே வரியை எழுதினார்கள்.

கொட்டியதெல்லாம் மணல். ஒன்றிலிருந்து ஒரு செத்த வண்டு விழுந்தது, அவ்வளவே. சூப்பர்வைசர் சிரித்தான்.

“எங்க உங்க தேளு?”

“இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் உதறுறோம்” என்றார் அண்ணி. “உதறாம எப்படித் தெரியும்? தெனமும் நீங்க வந்து கைய விட்டுப் பாத்துச் சொல்றீங்களா?”

முப்பது பேரையும் அனுப்பிவிட்டுப் பலகைகளை அவனா கழுவுவான்? அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் வழியில்லை. பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருந்தது, வாரக் கடைசியில் அது தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். “போய் வேலையப் பாருங்க” என்று முனகிவிட்டு நகர்ந்தான்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை அண்ணி போனில் படம் எடுத்துவந்து அண்ணனிடம் காட்டினார். முப்பது வரிகளையும் அண்ணன் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான், இருந்தும் ஒன்றைக்கூட விடவில்லை.

“அன்னிக்கு எனக்கும் உதற நேரம் குடுக்கலதானே?” என்றார்.

“அதத்தானே ஒரு வருஷமா சொல்றேன்.”

“நேரம் இருந்திருந்தா நான் பாத்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

அண்ணி அழவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

“அழுது முடிச்சுட்டு எழுதுங்க. அந்த அறிக்கைய மாத்தச் சொல்லி எழுதுங்க. நாளைக்குப் பூட்ஸ உதறிட்டு, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் பேனா கேட்டார்.