நாலாவது ஆள்

பூப்பந்துக் கூடம் நடத்துவது என்றால் ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே பிழைக்கிற சொகுசு வேலை என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈப்போவில் குனோங் ராபாட் வட்டாரத்தில் மூன்று கோர்ட், ஒரு கவுண்டர், ஒரு ஐஸ் பெட்டி. இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நாம் எதை விற்க உட்கார்ந்தாலும், வருகிறவர்களின் கதை தானாக வந்து மேசைமேல் ஏறிக்கொள்ளும்.

வந்துகிட்டே இருக்கிற கூட்டாளி

கவினுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டக் குடும்பம். ஈப்போவில் தொழிற்சாலை வேலை, வாடகை அறை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் கோர்ட் எடுப்பான். கையில் இரண்டு மட்டை இருக்கும். "கூட்டாளி எங்க தம்பி?" என்றால், "ஜேம்ல மாட்டிக்கிட்டான்கா, வந்துகிட்டே இருக்கான்" என்பான்.

கூட்டாளி வரவே மாட்டான். கவின் இந்தப் பக்கமிருந்து பந்தை அடிப்பான், வலையைச் சுற்றி நடந்து போய் எடுப்பான், அந்தப் பக்கமிருந்து திருப்பி அடிப்பான். நாலைந்து வாரம் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு ஆளே இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன். காது சிவந்துபோய்ச் சொன்னான்:

"ஒருத்தன்னு சொன்னா கோர்ட் தரமாட்டீங்கன்னு நெனச்சேன்கா."

மழை பெய்த அன்றைக்கு

ஷாலினி இதற்கு நேர்மாறு. காலேஜ் பிள்ளை, தன்னையும் சேர்த்து ஆறு பேர் கூட்டமாக வருவாள். கோர்ட் எடுப்பதும் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ பிடிப்பதும் அவள்தான். இந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று நினைப்பேன். ஒருநாள் நல்ல மழை. ஐந்து பேரும் ஒவ்வொரு சாக்காகச் சொல்லி வரவில்லை. இவள் மட்டும் நனைந்துகொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, எடுத்த நேரம் முடியும் வரை போனைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள், அந்த ஐந்து பேரில் ஒரே ஒருத்தியோடு வந்தாள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"அன்னைக்குத் தனியா உக்காந்து அழுதேன்னு இவகிட்ட மட்டும் சொன்னேன்கா. இவளும் அன்னைக்கு ரூம்ல தனியாத்தான் அழுதுகிட்டு இருந்தாளாம்."

ரஹ்மான் சொன்ன பொய்

ரஹ்மான், அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறவன். அவனோடு சேர்ந்து ஆடுகிற நாலு பேர் செட்டில் ஒருவன் கோலாலம்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். "ஆள் கொறையுதுக்கா" என்று ரஹ்மான் புலம்பியபோது, நான் கவுண்டரிலிருந்தே, "கவின், நீ தனியாத்தானே ஆடுறே, இங்க வா!" என்று கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்து நடந்துவிட்டான்.

அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வராததால் போன் போட்டேன். குரலே எழும்பவில்லை. "காய்ச்சல்தான்கா. சரியாயிரும்." கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றினான். அவன் வாடகைக்கு இருந்த வீட்டில் நாலு அறை, நாலு பேர், ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ரஹ்மான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். "மச்சான், எந்தத் தெரு, எந்த லோரோங்? வீட்டு நம்பர் சொல்லு" என்றான். கடையிலிருந்து கஞ்சி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனவன், கவின் எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடப்பதைப் பார்த்து, டாக்ஸி பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விட்டான். டெங்கிக் காய்ச்சல். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

கவினின் அம்மா சிலிம் ரிவரிலிருந்து பதறிக்கொண்டு வந்தார். தினமும் மகன், "சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்" என்றுதான் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அவர் ரஹ்மானின் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு காலமாகப் பழக்கம் என்று கேட்டிருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்று ரஹ்மானைக் கேட்டேன்.

"நேத்துதான் மொத தடவையா பேசினேன்னா அந்தம்மா மனசு ஒடஞ்சிரும்லா. இவன் ஈப்போ வந்த நாள்லேருந்து கூட்டாளின்னு சொல்லிட்டேன்கா."

திட்டு

உடம்பு தேறியதும் கவின் அந்த செட்டில் நாலாவது ஆளானான். ஆட்டம் சுமார்தான். தனியாக ஆடிப் பழகியவனுக்கு, பக்கத்தில் இருப்பவனுக்கு வருகிற பந்தை எப்போது விடுவது என்று தெரியவில்லை. இரண்டு பேர் மட்டையும் மோதிக்கொள்ளும். "டேய் கவின், அது என் பந்துடா! கண்ணு எங்க இருக்கு?" என்று ரஹ்மான் கூரை அதிரக் கத்துவான். நோயிலிருந்து எழுந்து வந்த பிள்ளையாயிற்றே என்று, தண்ணீர் வாங்க வந்த கவினிடம், "நான் அவனைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறேன்" என்றேன். வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினான்.

"ஒண்ணும் சொல்லிராதீங்கக்கா. ஈப்போவுல என்னைப் பேர் சொல்லித் திட்டுற மொத ஆளு அவன்தான்."

இந்தத் தொழிலில் வலையை இழுத்துக் கட்ட எனக்கு ஐந்து நிமிஷம் போதும்; வலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடுகிறது.