அடுப்புக்குள் ஒளிந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து சிவஞானம் அண்ணையின் மகள் அழைத்தார். "அங்கிள், அப்பா எங்களை விட்டிட்டு மோசம் போயிட்டார்." பிறகு, "கடைசிவரைக்கும் நீங்கள் தேடின நாடகத்தைப் பற்றித்தான் கேட்டவர். ஏதும் அம்பிட்டதோ எண்டு," என்றார்.

அகப்படவில்லை.

அண்ணையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இளமையில் எங்கள் ஊர் மேடையில் ஒரு பகிடி நாடகத்தில் நடித்தவர். காதலியின் தகப்பனுக்குப் பயந்து அடுப்புக்குள் ஒளியும் இளைஞன் அவர்தான். "அடுப்பை மூட்டுங்கோ!" என்று தகப்பன் கத்தியதும், முகமெல்லாம் கரியோடு பாய்ந்து வருவார். ஊரே உருண்டு சிரிக்கும்.

பின்பு நாங்கள் குடிபெயர்ந்து ஸ்காபரோவில் அயலவர்களாக இருந்தபோது ஒருநாள் கேட்டார்: "தம்பி, எங்கடை அடுப்புக்குள்ளை பூனைதானே படுக்கும்? ஆள் எப்பிடி ஒளிக்கிறது? மேடைக்கெண்டு தச்சன் பலகையிலை பெரிசா அடிச்சுத் தந்தான், நானும் யோசியாமல் பூந்தன். உந்த நாடகம் குளிர்நாட்டுக்காரன் எழுதினதடா, அவங்கடை வீட்டிலைதான் ஆள் பூருற அடுப்பு."

இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் விழா மலரோ அந்த நாடகத்தை உள்ளூர்ப் புலவர் ஒருவரின் பெயரில் அச்சிட்டிருந்தது. அண்ணை சங்கத் தலைவரிடம் நேரே போனார். "புலவர் தமிழாக்கினவர். பெத்தவன் வேறை. அவன்ரை பேரைப் போடாமல் நான் சாகமாட்டன்."

"அதெல்லாம் படிச்ச ஆக்கள் பாப்பினம் அண்ணை," என்று தலைவர் சிரித்தார். எங்கள் இருவரிடமும் பட்டம் இல்லை. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

நூலகத்தில் பழைய லண்டன் பத்திரிகைகளின் படச்சுருள்களை, அகராதியும் கையுமாக, ஆண்டுக்கணக்கில் பார்த்தோம். ஒரு விளம்பரம் அகப்பட்டது. விக்டோரியா மகாராணி காலத்து ஓரங்கக் கேலி நாடகம். புகைபோக்கிக்குள் ஒளியும் காதலன். தலைப்பு இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அண்ணை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உவனையும் எங்கையோ ஒளிச்சுப்போட்டாங்கள்," என்றார்.

லண்டனில் உள்ள பெரிய நூலகத்துக்கு எழுதிக் கேட்டோம். அப்படியொரு பிரதி தங்களிடம் இல்லை என்றார்கள். அச்சேறாமலே அழிந்திருக்கலாமாம். எழுதியவர் பெயர் இனி அகப்படும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அதற்காகப் புலவரின் பெயரை ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

தகனசாலையில் அண்ணையின் பெட்டிக்குப் பின்னால் இரும்புக் கதவு மூடியது. மகள் பொத்தானை அழுத்தினார். உள்ளே நெருப்பு மூளும் இரைச்சல் கேட்டது.

"வாங்கோ, எல்லாரும் வெளிக்கிட்டினம்," என்று சங்கத் தலைவர் என் தோளைத் தொட்டார். நான் அசையவில்லை.

அடுப்பை மூட்டிவிட்டார்கள் அண்ணை. இந்தக் கட்டத்தில் வெளியே பாய நீங்கள் ஒருநாளும் பிந்தியதில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போய்வாருங்கள்.