தேயாத புஷ்ஷும் மலரக்காவின் பம்பும்

1993 மார்ச் 14, ஞாயிறு, காலை ஆறேகால் மணி. கொக்குவிலிலிருந்து சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளில் புறப்பட்டேன். பையில் மூன்று புஷ்கள், பம்பின் தண்டைத் தாங்கும் வளையங்கள்.

பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு வெண்கல புஷ் வருவதில்லை. அது தேய்ந்தால் தண்ணீர்ப் பம்பின் தண்டு ஆடும், பிறகு பம்பே நிற்கும். அதனால் பழைய அலுமினியப் பிஸ்டன்களை உருக்கி, பழுதான ஸ்பார்க் பிளக்குகளின் வெள்ளைப் பீங்கானை இடித்துச் சலித்து, அந்தத் தூளைச் சூடாக்கி உருகிய உலோகத்தில் கிளறி வார்த்தேன். அரத்தாளில் தேய்த்தபோது வெறும் அலுமினியம் பாதியாகியது. இது மினுமினுத்ததோடு சரி. ஓடும் பம்பில் எப்படியிருக்கும்? அதைப் பார்க்கத்தான் பயணம்.

ஐந்து மைல்தான். மானிப்பாயில் ரியூப்புக்கு ஒட்டுப்போட ஐந்து ரூபாவும் அரை மணி நேரமும் போயின.

பம்பைப் பரீட்சைக்குத் தர ஒத்துக்கொண்ட மலரக்காவின் வெங்காயத் தோட்டத்தில் அன்று இறைப்பு, கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சும் நாள். புஷ்ஷைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

“உது தேயாதோ தம்பி?”

“தேயாது அக்கா.”

“பூட்டும் பாப்பம். ஆனா வெங்காயம் உம்மடை பரீட்சை முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிக்காது. எனக்கு இருக்கிறது இந்த ஒரு மிசின்தான்.”

புஷ்ஷைப் பூட்டி, பம்பு ஒரு மணி நேரம் ஓடியபின் நிறுத்திக் கழற்றி அளந்தேன். புஷ்ஷில் தேய்வே இல்லை. துள்ளாத குறை. ஆனால் வழிந்த ஒயில் ஏன் இவ்வளவு கறுப்பு? உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை அதில் தோய்த்தேன். மயிர் மயிராக இரும்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

“இனி இதைப் போட்டு ஓட்டவேண்டாம் அக்கா. புஷ் தேயேல்லை. தண்டு தேயுது.”

“ஆரின்ரை தண்டு? என்ரையோ?”

“ஓம்.”

“அப்ப உது சீதனம் வாங்கின மாப்பிள்ளை. அவர் தேயமாட்டார், பொம்பிளை வீடுதான் தேயும்.”

தண்டைத் துடைத்துத் தடவிப் பார்த்தேன். தண்டில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல். வேறு தண்டு யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பழைய வெண்கல புஷ்ஷையே திரும்பப் பூட்டி, மெதுவாக ஓட்டி, மிச்சத் தோட்டத்துக்குப் பாய்ச்சினோம். தண்டின் ஆட்டம் கூடியிருந்தது.

கடினமான பொருள் தான் தேயாமல் எதிரில் உரசுவதைத் தின்னும். அரத்தாளுக்கு வலிக்காது என்பதால் பட்டறையில் எனக்கு அது தெரியவில்லை. இதே வேலையாகப் போகிறவர்கள் ஒரு காந்தமும் ஒட்டுப்போடும் சாமானும் கொண்டு போங்கள். மானிப்பாய்க்கு அப்பால் வீதி முழுக்கக் கிடங்கும் பள்ளமும்.

இனிச் செய்யப்போவது:

1. பீங்கானை மாவாக அரைத்துப் பட்டுத்துணியில் சலிப்பேன்.
2. பழைய பற்றரியின் கரித்தண்டையும் தூளாக்கிச் சேர்ப்பேன். அது வழுக்கும்.
3. தண்டையும் அளப்பேன், புஷ்ஷை மட்டுமல்ல.
4. நாளைக்கே மலரக்காவின் தண்டைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கீறலை எடுப்பிப்பேன்.
5. அது திரும்பி வரும்வரை, இறைப்பு நாள்களில் விடிய முதல் சண்டிலிப்பாய்க்குப் போய், பம்புக்குப் பதிலாகக் கிணற்று ஏற்றமான துலாவை மிதித்துத் தண்ணீர் இறைப்பேன். நிபந்தனை மலரக்காவுடையது. எனக்குத் துலா மிதிக்கத் தெரியாது.