சாகாத கோவாப் புழு

பயிருக்கு மருந்து விக்கிறவனுக்கு நல்ல பேரே கிடைக்காது. முட்டைக்கோவா விளைஞ்சா தோட்டக்காரன் கெட்டிக்காரன், புழு சாகலன்னா கடைக்காரன் கள்ளன். கடை வச்சிருக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா?

மஞ்ச லேபல்

லுணுகலையில என் கடைக்கு வர்ற செல்வராஜ், தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால கோவா போடுறவர். வருஷக்கணக்கா மஞ்ச லேபல் ஒட்டின ஒரே மருந்துதான் வாங்குவார். அவரைப் பார்த்து லயம் முழுக்க அதுவேதான். மாத்தி மாத்தி அடிங்கன்னு தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன். என்னை அண்ணன் முறையில 'நானா'ன்னு கூப்பிடுறவர், போத்தலைக் கண்ணுல ஒத்திக்கிட்டுச் சொன்னார்: "இது ராசியான மருந்து நானா. என் மொத வெள்ளாமையே இதுலதான்."

யோகட் கப்

போன மழைக்குப் பிறகு கோவா எல்லாம் சல்லடை ஆயிருச்சு. செல்வராஜ் ஒரு யோகட் கப்புல புழுவைக் கொண்டுவந்து, கடை நிறைய ஆள் இருக்கிற நேரத்துல என் மேசையில வச்சார். மருந்துல நனைச்ச இலையை உள்ள போட்டார். அதுக ஆற அமர இருந்து தின்னுச்சுக.

நான் தண்ணி கலக்குறேன்னு ஊரெல்லாம் பேச்சு. வாப்பா நடத்தின கடை இது. வழக்கமா வர்றவங்க எதிர்க்கடைக்குப் போக ஆரம்பிச்சாங்க. அன்னைக்குக் கடையை விட்டுப் போகும்போது செல்வராஜ் சொன்னது அப்படி: "உங்க மருந்துல புழு நல்லாக் கொழுக்குது நானா."

ரெண்டு தோட்டத்துப் புழு

கடைசியில விவசாயப் போதனாசிரியை அம்மாவை நானே கூட்டிவந்தேன். அவங்க மருந்தே அடிக்காத வேறொரு தோட்டத்துப் புழுவையும் கொண்டுவந்தாங்க. எல்லாரும் பார்க்க, சீல் உடைக்காத மஞ்ச லேபல் போத்தலைத் திறந்து ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்து குடுத்தாங்க. மறுநாள் வந்து பார்த்தா, மருந்தடிக்காத தோட்டத்துப் புழு அத்தனையும் செத்துக் கிடக்கு. செல்வராஜ் புழு இலையைத் தேடுது.

அந்தம்மா விளக்கினாங்க. கூட்டத்துல ஒண்ணு ரெண்டு புழு பிறவியிலேயே மருந்தைத் தாங்குமாம். மத்ததெல்லாம் செத்துப்போக, மிஞ்சினதுதான் பூச்சியாகி முட்டை போடும். பிள்ளைகளுக்கும் அதே உடம்பு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்க, தாங்குற வம்சம் மட்டும் தோட்டத்தைப் புடிச்சுக்கிச்சு. எந்தப் புழுவும் மருந்துக்குப் பழகிக்கல, தாங்காததுக்கு வம்சம் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்.

அல்ஹம்துலில்லாஹ்! நெஞ்சுல கிடந்த பாறாங்கல் இறங்கிருச்சு. செல்வராஜ் கப்பைக் கையில எடுத்து, எல்லாருக்கும் கேக்கச் சொன்னார்: "உங்க மேல குத்தம் இல்ல நானா. நல்ல புழுவையெல்லாம் கொன்னுட்டு, பொல்லாததப் பொறுக்கி வளர்த்தது நான்தான்."

என் பேரைத் தின்ன புழு பேரைத் திருப்பிக் குடுத்துருச்சு, செல்வராஜோட கோவாவைத்தான் குடுக்கல.