ஒரே பஸ்ஸில் போகாத இரண்டு சாவிகள்

ஜெசிந்தா, ஏளா, நேற்று தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். மூடியைத் திறந்ததும் துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் வாசம் அப்படியே வந்தது. அந்த வாசம் பட்டால் நீ மூன்று தும்மல் போடுவாய். பழக்கதோஷம், அந்த மூன்று தும்மலுக்காகச் சும்மா காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசிக்கிறவர்களுக்கு ஜெசிந்தா யாரென்று தெரியாது. சொல்கிறேன். எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது, ஒன்பதாவதோடு நின்றவள். முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடியில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தோம். சினிமாவில் வருகிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் கொசுவலைக் கடை, இன்னொரு பக்கம் மீன்வலைக் கடை, நடுவில் நாங்கள். பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கின வாழைத்தோட்டக்காரர்கள் வருவார்கள். பேங்க் வாசலில் நிற்கிற காவலாளிகள் வருவார்கள். மற்ற நேரமெல்லாம் கொசுவலை விலை கேட்கிறவர்கள்தான் வருவார்கள்.

முதலாளியை அண்ணாச்சி என்போம். அவ்வளவு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பல்லிக்குப் பயம், பல் டாக்டருக்குப் பயம். வெடிச்சத்தம் ஆகாது என்று தீபாவளிக்கு மணப்பாட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார். விற்பது துப்பாக்கி. ஜெசிந்தா ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க எதுக்குக் கொசுவல விக்கக் கூடாது?"

"எங்க அப்பா இதத்தான விட்டுட்டுப் போனாரு. நான் என்ன செய்ய?"

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் திருட்டுப் பயம். அதில் மட்டும் நாங்கள் அவரைக் கேலி செய்ததில்லை. ஏனென்றால் ஒரு தடவை சொன்னார்: "செயினு களவு போனா அழுதுட்டு விட்டுரலாம்ளா. துப்பாக்கி களவு போனா, அது எவன் நெஞ்சுக்கு நேரா நிக்குமோன்னு நான் சாகுத வரைக்கும் யோசிச்சுக்கிட்டே கெடக்கணும்."

அதனால் இரும்புக் கதவு போட்ட தனி அறை. உள்ளே துப்பாக்கிகளைச் சங்கிலியில் கோத்துப் பூட்டியிருக்கும். தோட்டாவுக்கு வேறு பீரோ. கதவுக்கு இரண்டு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று ஜெசிந்தாவிடம், ஒன்று என்னிடம். அண்ணாச்சியிடம் எதுவும் கிடையாது.

"என்னயப் பிடிச்சு ரெண்டு அடி அடிச்சாம்னா மூணாவது அடிக்கு முன்னாடி குடுத்துருவேன். என்னய நம்பாதிய" என்பார். தன்னைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்த முதலாளி எங்கே கிடைப்பார்?

டூப்ளிகேட் சாவி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அது தொலைந்துவிடக் கூடாதென்று அண்ணாச்சி இருப்பதிலேயே பத்திரமான இடத்தில் வைத்திருந்தார். துப்பாக்கி அறைக்குள்ளே.

சாவி உடம்பை விட்டு இறங்கக் கூடாது. எங்கே வைத்திருக்கிறோம் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது. கடைக்கு வெளியே இரண்டு சாவியும் ஒன்றாகப் போகக் கூடாது. இதுதான் சட்டம். நாங்களோ ஒரே தெரு. என்ன செய்வது, அவள் முந்தின பஸ்ஸில் போவாள், நான் பத்து நிமிஷம் கழித்து அடுத்த பஸ்ஸில். நான் பஸ்ஸில் ஏறின உடனே அவளிடமிருந்து போன் வரும்.

"ஏளா, உப்பளத் திருப்பத்துல ஒரு மாடு குறுக்க படுத்துக் கெடக்கு. உனக்கு இப்ப வரும் பாரு."

பத்து நிமிஷத்தில் எனக்கு அந்த மாடு வரும். வழியில் இருக்கிற மாடு, சண்டை, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றையும் அவள் முதலில் பார்த்து எனக்குச் சொல்லிவிடுவாள். மூன்று வருஷத்தில் அந்த ரோட்டில் நானாக எதையும் முதலில் பார்த்ததில்லை.

மாதா கோயில் திருவிழாவுக்கு அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் தேர் போகும். பஞ்சுமிட்டாய் வாங்கித் தெரியாத பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள். பாதிதான் என்னிடம் வந்து சேரும். என் அண்ணன் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தால் அவள் மண்டபத்துக்கு வெளியே நிற்பாள், அவள் உட்கார்ந்தால் நான் வெளியே. என்ன சண்டை என்று சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்துவிட்டார்கள். அண்ணாச்சி பின்னாலேயே வந்து பார்க்கவா போகிறார்? எங்களுக்கே அது விளையாட்டாகிப் போனது.

இத்தனை காவலுக்கும் கடையில் ஒரே ஒரு திருட்டுதான் நடந்தது. வாசலில் கிடந்த கால்மிதியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"சார், என் துப்பாக்கிக் கடையில களவு போயிட்டு!"

மொத்த ஸ்டேஷனும் எழுந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தேடினார். "எத்தன போச்சு?"

"ஒண்ணுதான் சார். கால்மிதி."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியை மேஜையில் வைத்துவிட்டு, "அதுக்கு லைசென்ஸ் வச்சிருக்கேரா?" என்றார். ஜெசிந்தா சிரிப்பை அடக்க முடியாமல் தும்முகிற மாதிரி நடித்தாள்.

உண்மையில் அந்தக் கடையில் திருடி என்றால் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எனக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒரு பை தைத்துக் கொடுத்தாள், அடியில் இரட்டைத் துணி வைத்து. "கொழம்பு ஒழுகுனாலும் தாங்கும்" என்றாள். கொடுத்த நாளிலிருந்து காலையும் மாலையும் அந்தப் பைக்குள் கையை விட்டுத் துழாவுவாள். காலையில் என்ன கூட்டு என்று பார்க்கிறாளாம். சாயங்காலம் என்ன மிச்சம் என்று பார்க்கிறாளாம். "தின்னிப் பண்டாரம்" என்று திட்டுவேன். அவள் பாட்டுக்குத் துழாவுவாள். கடைக் குழாயில் பையைத் துவைப்பதும் அவள்தான், என்னைத் தொட விட மாட்டாள்.

பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எங்களை மாதிரி கடையிலும் கொடுக்கலாம். ஆற்றங்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"ஏன் அண்ணாச்சி, ஓட்டு எண்ணுத வரைக்கும் பன்னி என் தோட்டத்துக்கு வராம இருக்குமா? அதுக்குத் தேர்தல் சட்டம் கெடையாதா?"

அறை நிறைந்துவிட்டது. இனி ஓட்டு எண்ணி முடிகிற வரை திறக்கத் தேவையில்லை என்று சொல்லி, இரண்டு சாவியும் போட்டுப் பூட்டினோம். அன்றைக்குச் சாயங்காலமும் ஜெசிந்தா என் பையைத் துழாவினாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வாகை மரம் உண்டு. நான்கு நாளும் கடை விட்டதும் சாப்பாட்டுப் பையோடு அந்த மரத்தடியில்தான் நின்றேன். அவள் இரண்டாவது மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போனில் பேசுவோம்.

"ஏளா, மேல வாளா. பக்கத்துக் கட்டில்காரி விடுத குறட்டைய நீ கேக்கணும். கடல்ல போற போட்டு இஞ்சின் மாதிரியே இருக்கு."

"உன் சாவி எங்கன இருக்கு? அதச் சொல்லு, வாரேன்."

"அது சட்டத்துல கெடையாது. பத்திரமான ஆள்ட்ட இருக்கு."

"ஆளா? எவன்ளா அவன்?"

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். பொய் சொல்கிறாள், சாவி தலையணைக்கடியில்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் சாவி இடுப்பில் இருந்தது. திங்கட்கிழமை கடைக்கு வந்துவிடுவாள், கடைக்குள் சேர்ந்து இருக்கலாம், அங்கே பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். கடைசி நாள் அவள் ஜன்னலுக்கு வரவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினாள், எனக்குப் பாதிக் கைதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

அடக்கத்தன்று நான் எந்தப் பக்கமும் ஒதுங்கி நிற்கவில்லை. கோயிலுக்குள் போய்ப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அண்ணாச்சி பார்த்தார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

ஓட்டு எண்ணி முடிந்தது. ரசீதும் கையுமாக எல்லோரும் வந்துவிட்டார்கள். பன்றி அதற்குள் பாதித் தோட்டத்தை முடித்திருந்தது. அண்ணாச்சியும் நானும் ஜெசிந்தா வீட்டுக்குப் போய்த் தேடினோம். அரிசி டிரம், மாதா படத்துக்குப் பின்னால், கோழிக்கூடு, எங்கேயும் இல்லை. அவள் அம்மா மெதுவாகச் சொன்னார்கள்.

"கழுத்துல ஜெபமாலயப் போட்டுத்தான அனுப்புனோம். அதுல கோத்து வச்சிருப்பாளோ?"

அண்ணாச்சி அப்படியே கோழிக்கூட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "சாமியார்ட்ட போயி நான் என்னன்னு கேப்பேன்? கல்லறையக் கொஞ்சம் தெறங்க சாமி, உள்ள என் துப்பாக்கி ரூம் சாவி இருக்குன்னா?"

உள்ளே கோழி கத்தியது. அவர் துள்ளி எழுந்தார். அம்மா சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தச் சாப்பாட்டுப் பை நாறிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகத் தினமும் எடுத்துக்கொண்டு போகிறேன், வருகிறேன், திறக்கவில்லை. தயிர்ச்சோற்றைக் கொட்டிவிட்டுத் துவைக்கப் போட்டேன். அடித்துணியில் ஏதோ விரலைக் குத்தியது. ஓரத்தில் குட்டியாக ஒரு பட்டன் இருந்தது. திறந்தால், சிவப்பு நூல் கட்டின அவள் சாவி.

மூன்று வருஷமாக இரண்டு சாவியும் ஒரே பஸ்ஸில்தான் போயிருக்கிறது. அடுத்த பஸ்ஸில், என்னோடு. பத்திரமான ஆள் நான்தான். அந்த வாகை மரத்தடியில் நான்கு நாள் இரண்டு சாவியையும் வைத்துக்கொண்டு நின்றவளும் நான்தான். நாற்பது படி இருக்குமா? ஏறியிருக்கலாம்.

மறுநாள் இரண்டையும் அண்ணாச்சி மேஜையில் வைத்தேன். விஷயம் கேட்டதும் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

"மூணு வருசமா? அய்யோ, நான் நிம்மதியா தூங்கிக்கிட்டுல்லா இருந்தேன்!" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அவ நெனச்சது சரிதாம்ளா. ஒருத்தனுக்கும் தோணாது" என்றார்.

இப்போது அந்தக் கதவுக்கு நம்பர் பூட்டு. அண்ணாச்சியின் மகன் போட்டது. அண்ணாச்சிக்கு நம்பர் சொல்ல மாட்டானாம், அவர்தான் சொல்லக் கூடாது என்றாராம். எங்கள் சாவி இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன, திறக்க ஒன்றுமில்லாமல். முந்தின பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நான் கடையை விட்டு நின்று தைக்கிறேன். வழியில் மாடு படுத்திருந்தால் பக்கத்தில் போன பிறகுதான் தெரிகிறது.

இதை வாசித்தவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, ஜெசிந்தா என்று பேர் சொல்லி ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவளுக்கு ஜன்னலோர சீட் கிடைத்திருக்க வேண்டும் என்று.